மேலூர்க்காரியை மாற்றிவிட்டேன்

மாப்ள,

உன் பென்டிரைவ் கொத்து இன்று கிடைத்தது. மேசையின் கீழ் இழுப்பறையில், வறண்டுபோன கோந்து பாட்டிலுக்கும் பழைய விசிட்டிங் கார்டு மாதிரிகளுக்கும் பின்னால் சுருண்டு கிடந்தது. சிவப்பு அரைஞாண் கயிற்றில் நீ கோத்து வைத்த கொத்து. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, உன் கோணல் எழுத்தில் ஊர்ப் பெயர்கள்: உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர். வெளியாள் பார்த்தால் ஏதோ மினிபஸ் கம்பெனியின் சாவிக்கொத்து என்று நினைப்பான். எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தாய் என்று கேட்காதே. கோந்து வாசம்தான் அடித்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லாமல் போனதால் எழுதுகிறேன்.

கோரிப்பாளையத்தில், சிக்னலிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பாய் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நாம் டிசைனிங் கடை போட்டபோது நம்மிடம் இருந்தது ஒரே ஒரு கணினி. காதணி விழா, வசந்த விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மதுரைக்காரன் பிறந்ததிலிருந்து போகிறவரை சுவரில் ஒட்டிக்கொள்ளும் அத்தனையையும் அந்தப் பெட்டியில்தான் செய்தோம். அதில் யாரோ போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ் இருந்தது. ஒரு முகூர்த்த சீசனில் வைரஸ் புகுந்து, முடித்து வைத்திருந்த பத்திரிகைகளை எல்லாம் தின்றுவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீயோ, "திருட்டுச் சரக்க வச்சு ஊரான் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சா வெளங்குமா மாப்ள?" என்று கேட்டாய். அந்த வாரமே லினக்ஸ் என்ற பெயரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து நின்றாய்.

கணினியைத் திறந்ததும் முதலில் தான் எழுந்து, பிறகு மற்ற எல்லாவற்றையும் எழுப்பி வேலை வாங்குகிறதே, அதுதான் இயங்குதளம் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். இந்த லினக்ஸை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அதனாலேயே ஆளாளுக்கு ஒன்று செய்து உலகத்துக்கு விட்டிருந்தார்கள். இணையத்தில் அந்தப் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் பாதியிலேயே அதை மூடப் போனேன், உனக்கோ வாயெல்லாம் பல். நாம் யார் யார் என்பது அன்றைக்கே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணினியில் உள்ளதைத் தொடாமல், பென்டிரைவில் இருந்தபடியே ஒன்றைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்க முடியும். அதற்கு நீ வைத்த பெயர் பொண்ணு பாக்குறது. "சும்மா போயி பஜ்ஜி சொஜ்ஜி தின்னுட்டு வருவோம். புடிக்கலேன்னா வீட்ல கலந்து பேசிச் சொல்றோம்னு எந்திரிச்சிருவோம்" என்பாய். பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரைக் கொடுத்தாய். வாடிப்பட்டிக்காரி பளபளவென்று இருந்தாள், நம் பழைய மிஷினுக்கு அவளோடு மூச்சு வாங்கியது. உசிலம்பட்டிக்காரி சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தாள், சொல்லாத வேலை எதையும் செய்ய மறுத்தாள்; பிரிண்டரை அவளுக்கு அறிமுகம் செய்து வைப்பதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சோழவந்தானில் எல்லாம் லட்சணம், தமிழ்தான் வரவில்லை, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றது. திருமங்கலம் பெயரை மட்டும் நீ எதற்கும் வைக்கவில்லை. அந்த ஊரில் ஒன்று எடுத்தாகிவிட்டது, தாங்காது என்றாய். உன் வீட்டுக்காரி செல்விக்குப் பிறந்த ஊர் திருமங்கலம்.

அந்தச் செல்வியே ஒருநாள் மூச்சிரைக்கக் கடைக்கு வந்து நின்றது நினைவிருக்கிறதா? முந்தின நாள் நீ போனில் என்னிடம், "வாடிப்பட்டிக்காரிய அனுப்பிட்டேன் மாப்ள, மேலூர்க்காரி வந்துட்டா, இவ நிப்பா போல" என்று சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். நீ கடையில் இல்லை. நான் அவளை உட்கார வைத்து, கணினியைத் திறந்து, இதுதானம்மா மேலூர்க்காரி என்று காட்டினேன். பச்சை நிறத்தில் ஒரு திரை. அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு கழுதை வயசாச்சு, ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்று சாயங்காலம் நீ சிரித்த சிரிப்புதான்.

ஆனால் மேலூர்க்காரியும் நிற்கவில்லை. உன்னிடம் எதுவும் நிற்காது. எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் உன் முகம் வாடிவிடும். நான் குறுக்குவழி விசைகளைக் கைக்குப் பழக்கி, எழுத்துருக்களை ஏற்றி, அப்பாடா என்று நிமிரும்போது நீ அடுத்த பென்டிரைவோடு நிற்பாய். எனக்கு நேர்மாறான புத்தி. உட்கார்ந்த நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினாலும் எனக்கு வேலை ஓடாது. உனக்குத் தேவை பொருத்தமான ஒன்று அல்ல, தேடுவதுதான் என்று ஒருமுறை கோபத்தில் சொன்னேன். "ஒனக்குத் தேவை பொருத்தமில்லடா, முடிஞ்சிருச்சுங்கிற நிம்மதி" என்று நீ திருப்பினாய். இரண்டும் உண்மை.

அந்தக் காதணி விழா ஃபிளெக்ஸ் விவகாரத்தில்தான் எல்லாம் முற்றியது. அழகர்கோவில் பக்கத்து ஆள், காது குத்தும் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். அந்தப் பக்கத்து ஊர்களின் வேலை முழுக்க அவர் கைவழியாகத்தான் நமக்கு வந்தது. விழாவுக்கு முந்தின நாள் காலை அவர் வந்து நின்றபோது நீ மேலூர்க்காரியைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் பாதி ஏற்றியிருந்தாய். எழுத்துரு இன்னும் ஏறாததால், அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மனிதர் வேறு கடைக்கு ஓடினார். அங்கே அவசரத்தில் செய்ததில், அவர் படத்தைவிடப் பங்காளி படம் பெரிதாகப் போய்விட்டது. மதுரையில் இதைவிடப் பெரிய அவமானம் ஒரு தாய்மாமனுக்கு உண்டா? அடுத்த வாரம் வந்தார். சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "கருப்பன் வாசல்ல போயி இனிமே மாத்த மாட்டோம்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிட்டு வாங்க. அப்பறம் வேலையப் பத்திப் பேசுவோம்" என்றார்.

அழகர்கோவில் வாசலில் சாத்திய கதவாகவே நிற்கிறவன் பதினெட்டாம்படிக் கருப்பன். அந்தப் பக்கத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போகுமுன் அங்கேதான் போவார்கள். அவன் முன்னால் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை மீறியவன் தப்ப மாட்டான் என்பது பேச்சு. எனக்கு அதெல்லாம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். கடையில் சாமி படம் மாட்டக் கூடாது என்று உன்னிடம் சண்டை போட்டவன் நான். வாடிக்கையாளரைத் தக்கவைக்க ஒரு நாடகம், அவ்வளவுதான் என்று உன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

கதவு முழுக்கச் சந்தனம். தாய்மாமன் சாட்சிக்கு நின்றார். சூடத்தை ஏற்றினார்கள். கடை மிஷினில் திரும்ப ஏற்றிய மேலூர்க்காரியே இருப்பாள், மாற்ற மாட்டோம் என்று நான் முணுமுணுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். நீ குரலை உயர்த்தி, "கடையில மட்டுமில்ல, வேற எங்கயும் எதையும் ஏத்திக்கூடப் பாக்க மாட்டோம்" என்று சேர்த்தாய். உனக்கு எதிலும் அரைகுறை கிடையாதே. இரண்டு பேரும் கை வைத்துச் சூடத்தை அணைத்தோம். உள்ளங்கையில் சுரீர் என்றது. பிறகு பிரசாதக் கடையில் அழகர்கோவில் தோசையை வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். நீ என் முகத்தைப் பார்த்தாய். "சாமி இல்லேங்குறவன் நீ. எனக்கு ஒண்ணும் தெரியல. ஒனக்கு ஏன்டா மூஞ்சி வெளுத்துருக்கு?" என்று கேட்டாய். நான் தோசை வறண்டிருக்கிறது என்று என்னவோ சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அதன்பிறகு கடை ஒழுங்காக நடந்தது. மேலூர்க்காரி தன் பாட்டுக்கு ஓடினாள். நீ புதுசு எதையும் கொண்டுவரவில்லை. பென்டிரைவ் கொத்தை இழுப்பறையில் போட்டாய். மனுசன் திருந்திவிட்டான் என்று நான் மனதுக்குள் கருப்பனுக்கு நன்றிகூடச் சொல்லிக்கொண்டேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

ஐப்பசி மழையில் நீ போனாய். காலையில் நெஞ்சைப் பிசைந்ததை வாயு என்று நீயே முடிவு செய்து, பன்னீர் சோடா குடித்துவிட்டு, மாட்டுத்தாவணியில் பூக்கடைக்காரர் ஒருவருக்கு விசிட்டிங் கார்டு கொடுக்கக் கிளம்பினாய். பூமார்க்கெட் வாசலிலேயே சரிந்துவிட்டாய். உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மேலூர்க்காரியில்தான் செய்தேன். எந்தப் படத்தை வைக்கலாம் என்று உன்னிடம் கேட்கத் திரும்பினேன், மாப்ள. நாற்காலி காலியாக இருந்தது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் செல்வி கடைக்கு வர ஆரம்பித்தாள். உன் பங்கு அவளுடையது, உட்கார்ந்து வாங்குவதற்கு அவளுக்கு மனமில்லை. ஆன்லைன் விண்ணப்பங்கள் போடுவது, பத்திரிகை வாசகங்களை அடிப்பது என்று நான் நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். தொல்லை மேலூர்க்காரியிடமிருந்து வந்தது. அவளுக்கு வயதாகிவிட்டது. இந்தப் பதிப்புக்கு இனிப் புதுப்பித்தல் கிடையாது என்று தினமும் திரையில் வந்து நின்றது. விண்ணப்பம் போடும் தளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. பிரஸ்காரர் அனுப்பும் ஃபைல்கள் திறக்கவில்லை. செல்வி வந்தவர்களைப் பக்கத்துக் கடைக்குக் கை காட்டி அனுப்பினாள். இப்படியே போனால் அவள் கடைக்கு வருவதற்கே அர்த்தம் இருக்காது. மாற்ற வேண்டும். ஒரு காலை நேர வேலை. அதை நான் செய்யவில்லை.

ஏன் மாற்றவில்லை என்று அவள் கேட்டபோது மதர்போர்டு தாங்காது என்றேன். அடுத்த மாதம் ரேம் பத்தாது என்றேன். அதற்கடுத்து, இந்த மாடலுக்குப் புதுசு எதுவும் ஒத்துவராது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். உண்மையைச் சொல்லக் கூசியது. சாமி படம் மாட்டாதே என்று சண்டை போட்டவன், சூடம் அணைத்த கையால் ஒரு பொத்தானை அழுத்தப் பயப்படுகிறான் என்பதை எந்த வாயால் சொல்வது? சத்தியம் போட்ட இரண்டு பேரும் வந்து நின்றால்தான் அதைத் திரும்ப எடுக்க முடியும் என்று தாய்மாமன் அன்றே சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கு எங்கே போவேன்?

மாசி கடைசியில் ஒருநாள் செல்வி ஒரு துணிப்பையோடு வந்தாள். பையிலிருந்து உன் வீட்டு மடிக்கணினியை எடுத்து என் முன்னால் வைத்துத் திறந்தாள். மூலை உடைந்து, செல்லோ டேப் ஒட்டிய அதே பெட்டி. உள்ளே நான் பார்த்தே இராத ஓர் இயங்குதளம், புத்தம் புதுசு, ஜம்மென்று எழுந்தது.

"இது கடை மிசினவிடப் பழசுண்ணே. இதுல ஓடுதே. அது ஏன் தாங்காதுங்குறீக?"

மாட்டிக்கொண்டேன். வேறு பொய் கைவசம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சத்தியக் கதையை முழுக்கச் சொன்னேன். தாய்மாமன், சந்தனக் கதவு, சூடம், நீ குரலை உயர்த்திச் சேர்த்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் செல்வி சிரித்தாள், மாப்ள. நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவரா? மாசம் ஒண்ணு ஏத்துவாருண்ணே. ஞாயித்துக்கெழம கறியத் தின்னுட்டு இதத் தூக்கிட்டு ஒக்காந்தா எந்திரிக்க மாட்டாரு. புதுசு ஏத்துன அன்னைக்கு அவரு மொகமே வேற. இத ஏத்தி நாலு நாள்கூட ஆகல அவரு போகையில. இதுவும் சரியில்ல, அடுத்த வாரம் வேற பாப்போம்னாரு."

நானும் சிரித்தேன். திருந்திவிட்டான் என்று நான் நினைத்திருந்த அத்தனை காலமும் நீ வீட்டுக்குள் உட்கார்ந்து பொண்ணு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். தேடுவதுதான் உனக்குத் தேவை என்று நான் சொன்னது சரிதான் என்று ஒரு திருப்திகூட வந்தது. அந்தத் திருப்தியிலேயே நான் எழுந்து டீ சொல்லப் போயிருக்கலாம்.

அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. சத்தியம் எப்போது செய்தோம் என்று கேட்டாள். சொன்னேன். வேறு எங்கேயும் ஏற்ற மாட்டோம் என்று அவரும் சொன்னாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் மடிக்கணினியின் மூடியில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே மினிபஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றது.

"அண்ணே, அதனாலயாண்ணே?"

இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எனக்கு எல்லாம் தெரியும். உன் அப்பாவும் நெஞ்சு வலியில்தான் போனார். நீ ஊதித் தள்ளிய சிகரெட் தெரியும். பிரஷர் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு விழுங்காமல் விட்டது தெரியும். பன்னீர் சோடா தெரியும். டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டவன் நான். அத்தனையும் தெரிந்த எனக்கு, அவள் கேட்ட அந்த நேரத்தில் கண் முன்னால் வந்தது அந்தச் சந்தனக் கதவு. வாய் திறக்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருக்கும். பிறகு, "சேச்சே, என்னம்மா நீ" என்றேன். அதற்குள் அவள் என் முகத்தில் பதிலைப் படித்துவிட்டாள்.

உன் சாவுக்கு அவளிடம் ஒரு காரணம் இல்லாமல் இருந்தது. இருதயம், விதி, நேரம் என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் அவள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்தாள், அடித்தாள், சாப்பிட்டாள். நான்தான் அவள் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்தேன். என் பொய்யை மறைக்க ஒரு கதையைச் சொல்லி, அந்தக் கதைக்குள் உன்னைக் குற்றவாளியாக்கி, அவளைச் சாட்சியாகவும் ஆக்கினேன். அவள் கண் முன்னால்தானே நீ மாதா மாதம் ஏற்றினாய்? அவள்தானே பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்?

அடுத்த நாளிலிருந்து அவள் கடையில் அதிகம் பேசவில்லை. மடிக்கணினியைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அரை நாள் விடுப்பு கேட்டாள். அழகர்கோவிலுக்கா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒருநாள் நெற்றியில் சந்தனத்தோடு வந்து உட்கார்ந்தாள். விண்ணப்பத்தில் தந்தை பெயர் அடிக்கும் இடத்தில் நிறுத்தி, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருந்தா விட்டுருப்பாருண்ணே."

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. செத்துப்போனால் அதற்கும் அவள் அதே காரணத்தைத்தான் சொல்வாள் என்பது பிறகுதான் உறைத்தது.

வாயால் சொன்னால் இனி அவள் நம்பப் போவதில்லை. என் வாய்க்குத்தான் மரியாதை போய்விட்டதே. எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வியைக் கடைக்கு வரச் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எல்லா வேலைகளையும் வேறொரு வட்டில் நகல் எடுத்து வைத்திருந்தேன். இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்த வேறொரு பென்டிரைவைச் சொருகி, நீ கடைசியாக ஏற்றிய அதே இயங்குதளத்தை எழுப்பினேன். பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் கிடையாது, நேராகத் தாலிதான். இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரவா என்று திரையில் கேள்வி வந்தது.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்ணே. கடை இப்புடியே இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அவனுக்கும் அதனால ஆகலம்மா. நீயே பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

அழுத்தினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பயந்துகொண்டுதான். அவளுக்குத் தெரியக் கூடாது என்று மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலூர்க்காரி போனாள். புதியது ஏறி முடிந்து திரை வந்ததும், திறக்காமல் அடம்பிடித்த தளங்கள் எல்லாம் திறந்தன. செல்வி எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்று குறை சொன்னாள். பெரிதாக்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. இது நமக்குப் பொருத்தமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என்ன காரியம் செய்தேன் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்தது. சாட்சியாக என் உயிரையே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி எனக்கு எதுவும் ஆகக் கூடாது. ஒரு கீறல்கூட. அன்றிலிருந்து ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுப்பதில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தபிறகும் இரண்டு பக்கமும் பார்க்கிறேன், பின்னால் வருகிறவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறான். சிகரெட்டை விட்டுவிட்டேன். பிரஷர் பார்த்தேன், மாத்திரை விழுங்குகிறேன். இந்த மனுசனுக்கு இந்த வயசில் புத்தி வந்திருக்கிறது என்று வீட்டில் என் சம்சாரம் அதிசயப்படுகிறாள். உன்னைச் செய்யச் சொல்லி நான் நச்சரித்த அத்தனையையும் இப்போது நான் செய்கிறேன்.

இதெல்லாம் செல்விக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. முழுக்க அப்படி இல்லை என்பதுதான் கேவலம். பைக்கில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ அரிவாளோடு வருவதுபோல ஓர் எண்ணம் வருகிறது. நான் பயப்படுவது கருப்பனுக்கா, அவள் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாள் என்பதற்கா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. நீ இருந்தால் ஒரு சிரிப்பில் பிரித்துக் கொடுத்திருப்பாய். நம் இரண்டு பேரில் பயமில்லாமல் மீறியவன் நீ. பயந்து பயந்து காப்பாற்றியவன் நான். இரண்டில் எது அவளுக்குக் கெடுதல் செய்தது என்று பார்த்தாயா?

ஆனால் ஒன்று. நாள் போகப் போக அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. காலையில் கடைக்குள் நுழையும்போது நான் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் விடும் மூச்சு எனக்குக் கேட்கிறது. அதனால் அவளுக்கு முன்பே போய்விடுகிறேன். தலைவலி என்றால் தைலம் தடவுவதில்லை, வாசம் காட்டிக்கொடுத்துவிடும். அவள் முன்னால் தும்முவதுகூட இல்லை. வெள்ளிக்கிழமை விடுப்பு போன வாரம் கேட்கவில்லை.

நேற்று எனக்குக் காய்ச்சல். சாதாரண வைரல்தான், தெருவில் பாதிப் பேருக்கு இருக்கிறது. வீட்டில் படுக்கச் சொன்னார்கள். ஒருநாள் வரவில்லை என்றால் செல்வி என்ன நினைப்பாள் என்று யோசித்ததுமே எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, நன்றாக முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் உட்கார்ந்தேன். ஃபேனை அணைக்கவும் முடியாது, கேட்பாள். பதினோரு மணிக்கு எனக்கு உடம்பு உதறியது. காதணி விழாப் பத்திரிகை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒடம்புக்கு..."

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன், மாப்ள. அன்றைக்கும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.